முதியோர் நலமும் அன்றாட வேலையும்

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள முதியோர் இன்று எல்லாக் கிராமங்களிலும் இருக்கின்றனர். இந்நோய்கள் பெரும்பாலும் முற்றிலும் நீங்கிவிடுவன அல்ல. ஆயினும் கட்டுக்குள் வைக்கக் கூடியவை. மருத்துவர் எப்போதோ ஒரு நாள் பார்க்கிறார். மற்ற நாட்களில் நோயைக் கவனிக்க வேண்டியவர்கள் முதியவரும் அவருடைய வீட்டாருமே ஆவர்.

அன்பின் மிகுதியால் முதியவரைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிடுவது பல குடும்பங்களில் வழக்கம். இது அவருக்கு நன்மை செய்வதாகாது. உடல் அசையாவிடில் தசை மெலியும், சர்க்கரை ஏறும், தடுமாறி விழும் அபாயமும் மிகும். ஆகவே அன்றாட வேலைகளோடு நோய்க் கவனிப்பையும் இணைத்துவிட வேண்டும்.

முதலாவது, மருந்து. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. இரத்தக் கொதிப்பு வலி தராமலே இருக்கக் கூடும். அதனால் பலர் இடையில் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். காலை மாத்திரையை விழுங்கிய பின்னரே நாட்காட்டித் தாளைக் கிழிப்பது என்று வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது.

இரண்டாவது, நடை. வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் நடப்பது நன்று. ஒரே மூச்சில் இயலாதவர் உணவுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். ஆட்டை ஓட்டிச் செல்வதும், தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதும் உடலுக்குப் பயிற்சியே. நடக்கையில் மார்பு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நின்று 108-ஐ அழைத்திட வேண்டும். வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் புகட்டலாகாது.

மூன்றாவது, உணவு. உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். கேழ்வரகுக் களியை எவ்வளவும் உண்ணலாம் என்பது தவறான எண்ணம்; அதிலும் மாவுச்சத்து உண்டு. அளவைக் குறைத்துக் கீரையும் காயும் கூட்டிக்கொள்வதே முறை.

நான்காவது, பாதம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குன்றும். முள் குத்தியதும் தெரியாது. அப்புண் முற்றிக் காலையே இழக்க நேர்வதும் உண்டு. ஆதலின் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. இரவில் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்தபின், பேரனோ பேத்தியோ உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்துச் சொல்லட்டும். சிறு புண்ணாயினும் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிட வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் வீடுகளுக்குச் செல்லும்போது, "மாத்திரை வந்ததா?" என்று கேட்பதோடு நில்லாமல், "இன்று சாப்பிட்டீர்களா? நடந்தீர்களா? பாதத்தைப் பார்த்தீர்களா?" என்றும் கேட்பார்களாக. செலவில்லாத இப்பணியைத் தங்கள் தெருவிலிருந்தே தொடங்குமாறு அனைவரையும் வேண்டிக்கொள்கிறேன்.