போடிமெட்டு மூடுபனியும் ஒரு சொட்டுப் பாலும்



முந்தலில் இருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். நம்மில் பலருடைய அம்மாக்கள் விடியக்காலம் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு அந்த வழியாகத்தான் போறாங்க. மூடுபனி இறங்கினால் எதிரே வரும் வண்டி தெரியாது. "லைட்டைப் பிரைட்ல போட்டாத் தெரியாதாம்மா?" என்று கேட்டேன். "போட்டா இன்னும் வெள்ளையாத்தான் அடிக்கும். டிரைவர் அண்ணன் டிம்லதான் வைப்பாரு" என்றார்கள். வெளிச்சம் கூடினால் எப்படித் தெரியாமல் போகும்?

காற்றின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும், அதனால் வானம் நீலம். மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. அது எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். (ஹெட்லைட்டில் மஞ்சள் பேப்பர் ஒட்டுவதால் பெரிய லாபம் இல்லை!) ஒரு துளியில் பட்ட ஒளி அடுத்த துளிக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று அலைந்து, ஒரு பகுதி டிரைவர் கண்ணுக்கே திரும்பி வந்துவிடும். இதுதான் பலமுறைச் சிதறல். பிரைட்டில் வைத்தால் திரும்பி வருவதும் கூடும், எதிரே வெள்ளைச் சுவர். டிம்மில் வெளிச்சம் தாழ்ந்து ரோட்டில் விழுவதால் கொஞ்சம் தேவலாம்.

ஒளி வழி தவறுவதை நாமே பார்க்கலாம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921இல் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் திரும்பும்போது, நிக்கல் பட்டகம் வழியாகக் கடலைப் பார்த்தார். கடல்மேல் பட்டுத் தெறிக்கும் வான ஒளி மறைந்தும் நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார். பட்டகத்துக்கு நாம் எங்கே போவது? கெட்டுப்போன கால்குலேட்டர் திரையின் மேல் ஒட்டியிருக்கும் தாள் போதும். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் அது விடும்.

கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டு, இருட்டில் டார்ச் அடித்து, பக்கவாட்டில் இருந்து தாள் வழியாகப் பாருங்கள். தாளைத் திருப்பத் திருப்ப ஒளிக்கற்றை மங்கும், தெளியும். ஒரே முறை சிதறிப் பக்கவாட்டில் வந்த ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால் அப்படி. இதுதான் தளவிளைவு. இப்போது இரண்டு ஸ்பூன் பால் ஊற்றுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒரே வெள்ளை! பலமுறை சிதறியதில் எந்தத் தளம், எந்தத் திசை என்பதெல்லாம் கலைந்துவிட்டது. டம்ளருக்குள் போடிமெட்டு.

தாள் அறிவியல் டீச்சரிடம் இருக்கிறது. டார்ச் மட்டும் கொண்டு வாங்க.