பெருக்கியின் நிலைத்தன்மை: சார்பளித்தலைச் செய்து காட்டுவோம்

அறிவியல் கண்காட்சிக்கு மாணவர் செய்த பெருக்கி நன்றாக இயங்குகிறது. டிரான்சிஸ்டர் பழுதாகி, அதே எண்ணுள்ள வேறொன்றைப் பொருத்தியதும் ஒலி கரகரக்கிறது. இணைப்பில் தவறு செய்துவிட்டோமோ என்று மாணவர் கலங்குவார். இணைப்பு சரியாகவே இருக்கலாம். சார்பளித்த முறையைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் பி.சி.547 பி வகை டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் 200 முதல் 450 வரை எதுவாகவும் இருக்கலாம். இதன் விளைவை மாணவர்களையே கணக்கிடச் செய்வோம்.

முதல் சுற்று: மின்கல அடுக்கு 9 வோல்ட். ஏற்பானில் 1 கிலோ ஓம். நேர்முனையிலிருந்து அடிவாய்க்கு 390 கிலோ ஓம். அடிவாய்–உமிழ்ப்பான் மின்னழுத்தம் 0.7 வோல்ட் எனில், அடிவாய் மின்னோட்டம் 21.3 மைக்ரோ ஆம்பியர். பெருக்கம் 200 என்றால் ஏற்பான் மின்னோட்டம் சுமார் 4.3 மில்லி ஆம்பியர். ஏற்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே 4.7 வோல்ட் இருக்கும். சைகை இருபுறமும் ஏறி இறங்க இடமுண்டு. பெருக்கம் 400 என்றால் மின்னோட்டம் 8.5 மில்லி ஆம்பியர், மிஞ்சுவது 0.5 வோல்ட் மட்டுமே. டிரான்சிஸ்டர் தெவிட்டிய நிலையை நெருங்கிவிடுவதால் சைகையின் ஒரு பகுதி வெட்டுப்படுகிறது. கரகரப்புக்குக் காரணம் இதுவே.

இரண்டாம் சுற்று: நேர்முனைக்கும் அடிவாய்க்கும் இடையே 33 கிலோ ஓம், அடிவாய்க்கும் எதிர்முனைக்கும் இடையே 10 கிலோ ஓம். உமிழ்ப்பானில் 470 ஓம். ஏற்பானில் அதே 1 கிலோ ஓம். இப்போது பெருக்கம் 200 எனில் 2.7 மில்லி ஆம்பியர். 400 எனில் 2.8 மட்டுமே. ஏற்பான்–உமிழ்ப்பான் மின்னழுத்தம் 5 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட்டுக்கே மாறுகிறது.

ஏன்? மின்னோட்டம் கூடினால் 470 ஓம் மின்தடையின் மின்னழுத்தமும் கூடும். மின்னழுத்தப் பகுப்பான் அடிவாயின் மின்னழுத்தத்தை ஏறக்குறைய மாறாமல் வைத்திருப்பதால், அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையிலான மின்னழுத்தம் குறையும். அடிவாய் மின்னோட்டமும் குறையும். சுற்று தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அடிவாய்–உமிழ்ப்பானுக்குத் தேவையான மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதனால் வரும் மாற்றத்தையும் இதே மின்தடை கட்டுப்படுத்துகிறது.

இந்த மின்தடை சைகையின் பெருக்கத்தையும் குறைக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகவே அதனுடன் பக்க இணைப்பில் மின்தேக்கி சேர்க்கிறோம்.

வகுப்பில் செய்ய: நான்கு குழுக்களுக்கு ஒரே எண்ணுள்ள டிரான்சிஸ்டர்களைக் கொடுங்கள். இரு சுற்றுகளிலும் ஏற்பான்–உமிழ்ப்பான் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரில் அளந்து கரும்பலகையில் எழுதட்டும். பின் கேளுங்கள்: "எந்தச் சுற்றை நம்பிக் கண்காட்சிக்கு எடுத்துச் செல்வீர்கள்?" விடையைக் காரணத்துடன் சொல்லும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.