இணையம் அறுந்தபோது பேசும் ஸ்பானியம்

வேற்றுமொழி கற்போர் வணக்கம் கூறுதல், வழி வினவுதல் என்றே தொடங்குவது மரபு. ஆயினும் மேற்படிப்புக்கோ பணிக்கோ ஸ்பெயினுக்குச் செல்லும் ஒருவர், "இணையம் வரவில்லை" என்று சொல்ல முதல் வாரத்திலேயே நேர்ந்துவிடுகிறது. நம்மவர் பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வழியாகவே அம்மொழியைக் கற்கின்றனர். தமிழ் இலக்கணம் அறிந்தார்க்கு அதனினும் நேரிய வழி உண்டு. அவ்வழியை இணைய இடையூறு பற்றிய சில தொடர்களைக் கொண்டு காண்போம்.

முதலில் கற்க வேண்டிய தொடர்கள்

1. நோ தெங்கோ இந்தெர்நெத் – என்னிடம் இணையம் இல்லை.
2. நோ அய் செஞால் – சமிக்ஞை இல்லை.
3. எஸ்தா முய் லெந்தோ – மிக மெதுவாக இருக்கிறது.
4. குவால் எஸ் லா கொந்த்ராசெஞா? – கடவுச்சொல் என்ன?
5. அய் ஊனா அவெரீயா என் லா லீனெயா – தொடர்புக் கம்பியில் பழுது உள்ளது.
6. அபாகெலோ இ என்சியெந்தாலோ – அதை அணைத்துவிட்டு மீண்டும் இயக்குங்கள்.

கம்பியில்லா இணைப்பை ஸ்பெயினில் 'வீஃபி' என்பர். அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிய நாடுகள் பலவற்றில் 'வைஃபை' என்பர்.

நான்காம் வேற்றுமையின் துணை

பேசிக்கொண்டிருக்கையில் தொலைபேசி நின்றுவிட்டால், 'செ மே கொர்த்தோ லா யமாதா' என்பர். இதில் 'மே' என்பது 'எனக்கு'. 'செ' என்பது செயல் தானே நிகழ்ந்தது என்பதைக் குறிப்பது. "எனக்கு அழைப்பு துண்டாகிவிட்டது" என்று நாம் சொல்வதும் இதே அமைப்பன்றோ? எழுவாய் அழைப்பே, பேசுபவர் 'கு' உருபேற்று நிற்கிறார்.

இதனை விடுத்து, 'கொர்த்தே லா யமாதா' என்றால் "நான் அழைப்பைத் துண்டித்தேன்" என்று பொருள்படும். குறை கூற வந்தவர் குற்றத்தைத் தாமே ஏற்றவராகி விடுவார்! துண்டாதலுக்கும் துண்டித்தலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன்வினை, பிறவினை என வகுப்பறையில் கற்ற மாணவர்க்கு இது எளிதில் விளங்கும்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பெரும் மின்தடை ஏற்பட்டது. தொலைபேசியும் இணையமும் பல இடங்களில் செயலிழந்தன. மின்சாரம் நின்றதை ஸ்பானியர் 'செ ஃபுவே லா லூஸ்', அதாவது "வெளிச்சம் போய்விட்டது" என்பர். "கரண்ட் போய்விட்டது" என்னும் நம் வழக்கோடு இது எத்துணை ஒத்திருக்கிறது!

அரபியின் சுவடு

கி.பி. 711 முதல் 1492 வரை ஸ்பெயினின் பகுதிகளில் முஸ்லிம் ஆட்சி நிலவியது. அக்காலத் தொடர்பால் அரபிச் சொற்கள் மிகுதியாக ஸ்பானியத்தில் கலந்தன. கட்டண வீதத்தைக் குறிக்கும் 'தரீஃபா' என்னும் சொல், அறிவித்தல் எனப் பொருள்படும் 'தஅரீஃபா'விலிருந்து வந்தது. பழுது எனப் பொருள்படும் 'அவெரீயா'வும் அரபி மூலமுடையதே. இத்தாலியம், கத்தலான் வழியாக ஸ்பானியத்தை அடைந்தது. வக்கீல், பாக்கி, வசூல், ரத்து முதலிய சொற்களை ஏற்ற தமிழுக்கு இத்தகைய கலப்பு புதிதன்று.

இணைப்பு திரும்ப வேண்டுமென விழைவோர், 'ஒஹலா புவெல்வா ப்ரொந்தோ' – "விரைவில் திரும்பி வரட்டும்" என்பர். 'ஒஹலா' என்பது "அல்லாஹ் நாடினால்" எனப் பொருள்படும் அந்தலூசிய அரபித் தொடரின் மரூஉவாகும். அடுத்து வரும் வினை நம் வியங்கோளை ஒத்த விருப்ப வடிவில் அமையும்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 'நீங்கள்' எனப் பொருள்படும் 'உஸ்தெத்' என்பதைக் கேட்டவுடன் 'உஸ்தாத்' என்னும் சொல் நினைவுக்கு வரலாம். ஆனால் அது "தங்கள் அருள்" எனப் பொருள்படும் 'வுவெஸ்த்ரா மெர்செத்' என்னும் பழைய ஸ்பானிய மரியாதைத் தொடர் தேய்ந்து பிறந்தது. ஒலி ஒப்புமை ஒன்றே சொல் உறவுக்குச் சான்றாகாது. பெருமிதம் கருதிச் சொல்லாராய்ச்சியில் வரம்பு மீறுதல் கல்விக்கு அழகன்று.

முடிவுரை

தாய்மொழி இலக்கணத்தைச் செவ்வனே கற்றவர்க்குப் பிறமொழி வாயில்கள் எளிதில் திறக்கும். மேற்கண்ட தொடர்களை மாணவர்கள் இருவர் இருவராக, குறை கூறுபவரும் குறை கேட்பவருமாக நின்று, வாய்விட்டுச் சொல்லிப் பழகுக. வேற்றுமையும் வினைவகையும் தேர்வுக்கு மட்டும் உரியவை அல்ல. அயல்நாட்டில் நம் பொருட்டு வழக்காட வல்லவை என்பது அப்போது புலனாகும்.