கட்டத்துக்குள் கணக்கு

கணக்கு இல்லாத வீடு இல்லை. பால் கணக்கு உண்டு. மளிகைக் கணக்கு உண்டு. சீட்டுக் கணக்கு உண்டு. சிலர் நோட்டில் எழுதுகிறார்கள். சிலர் காலண்டரில் குறித்து வைக்கிறார்கள். சுவரில் கரிக்கோடு போட்டவர்களும் உண்டு. எப்படி எழுதினாலும் ஒரு தொல்லை கூடவே வரும். நடுவில் ஓர் எண் மாறினால் கீழே உள்ள மொத்தமும் மாறும். அடித்து எழுத வேண்டும். மறுபடியும் கூட்ட வேண்டும்.

பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தது. 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டான் பிரிக்லின் என்ற மாணவர் வணிகம் படித்தார். ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவார். ஓர் எண் தவறானால் போதும். அதைச் சார்ந்த எண்களை எல்லாம் அழித்து, மறுபடியும் போட வேண்டும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாகவே மாறும்படி செய்ய முடியாதா என்று அந்த மாணவர் யோசித்தார். அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டன் என்ற நண்பரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். அது 1979-இல் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் விசிகால்க். இதற்காகவே கணினி வாங்கிய வியாபாரிகள் பலர்.

கணினி வெறும் பெட்டிதான். அதற்கு வேலை சொல்லிக் கொடுப்பது மென்பொருள். விசிகால்க் ஒரு மென்பொருள். அதன் வழியில் பல மென்பொருள்கள் பிறகு வந்தன. இன்று கடைகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் காணப்படுவது எக்செல். அது 1985-இல் வந்தது. லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பிலும் இதே போன்ற கணக்குத் தாள் இருக்கிறது. அது 2010-இல் தொடங்கியது. அதற்கு விலை இல்லை. தமிழிலும் கிடைக்கிறது.

கணக்குத் தாளைத் திறந்தால் திரை முழுவதும் கட்டங்கள் தெரியும். மேலே ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். இடப்பக்கம் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு. தெருப் பெயரும் கதவு எண்ணும் போல என்று வைத்துக்கொள்ளலாம். சி தெருவில் 2-ஆம் எண் வீடு. அதுதான் சி2.

ஒரு மகளிர் குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து பேர். மாதா மாதம் சேமிக்கிறார்கள். சேர்ந்த பணம் 30,000 ரூபாய். அதிலிருந்து உறுப்பினர்களுக்குக் கடன் கொடுக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி.

கணக்கு எழுதும் அக்கா கடன்காரர்களின் பெயர்களை ஏ வரிசையில் எழுதுகிறார். கடன் தொகையை சி வரிசையில் எழுதுகிறார். முதல் பெயருக்கு நேராக, சி2 கட்டத்தில், 6000. வட்டி டி2 கட்டத்தில் வர வேண்டும். அங்கே முதலில் சமக்குறி போடுகிறார். பிறகு சி2, பெருக்கல் 1, வகுத்தல் 100 என்று எழுதுகிறார். உடனே 60 என்று வந்துவிடுகிறது. அடுத்த மாதம் கடன் 5000 ஆகக் குறைகிறது. சி2-இல் 5000 என்று மாற்றினால் போதும். வட்டி தானாக 50 ஆகிறது. அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை.

மொத்தத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு. சமக்குறி போட்டு, 'சம்' என்று எழுதி, எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டம் வரை கூட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சம் என்றால் ஆங்கிலத்தில் கூட்டுத்தொகை. குழுவில் கடன் வாங்கியவர்கள் ஏழு பேர். அதனால் அக்கா சி2 முதல் சி8 வரை என்று எழுதினார். 22,000 என்று வந்தது. அதைப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வைத்தார். 30,000-இல் இதைக் கழித்தால் பெட்டியில் 8,000 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சில நாளில் எட்டாவது ஆள் கடன் கேட்டார். 2,000 ரூபாய். பிள்ளையின் பள்ளிக் கட்டணம். கொடுத்தார்கள். அக்கா அவர் பெயரை ஒன்பதாவது வரியில் எழுதினார். தொகையையும் எழுதினார்.

மாதக் கூட்டம் வந்தது. கணக்குத் தாள், பெட்டியில் 8,000 இருக்க வேண்டும் என்றது. பெட்டியில் 6,000 தான் இருந்தது.

"இரண்டாயிரம் எங்கே?" என்றார் ஒருவர்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றார் இன்னொருவர்.

அக்காவின் முகம் சுருங்கியது. பெட்டிச் சாவி அவரிடம்தான் இருந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

குழுவில் ஒரு பாட்டி இருந்தார். வயதான பிறகு எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து கூட்டல் கற்றவர். அவர் ஒரு தாளும் பென்சிலும் கேட்டார்.

"பேர் பேராய்ப் படி, அம்மா. நான் எழுதிக்கொள்கிறேன்."

அக்கா படித்தார். பாட்டி எழுதினார். 6,000. 5,000. 3,000. 2,000. 2,000. 3,000. 1,000. பிறகு புதுக் கடன் 2,000. பாட்டி மெதுவாகக் கூட்டினார். இரண்டு முறை கூட்டினார்.

"எனக்கு இருபத்து நாலாயிரம் வருகிறது. உன் கம்ப்யூட்டர் இருபத்து ரெண்டு என்கிறதே?"

அக்காவின் மகள் கல்லூரி மாணவி. அவள் மொத்தம் இருந்த கட்டத்தை இரண்டு முறை தட்டினாள். எந்தெந்தக் கட்டங்கள் கூட்டலில் சேர்ந்திருக்கின்றன என்று காட்ட, அவற்றைச் சுற்றி ஒரு வண்ணக்கோடு வந்தது. அந்தக் கோடு ஏழாவது பெயரோடு நின்றுவிட்டது. எட்டாவது பெயர் கோட்டுக்கு வெளியே இருந்தது. சி8 வரை கூட்டு என்று சொன்னார்கள். கணினி சி8 வரை கூட்டியது. புதுக் கடன் சி9-இல் இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அவள் 8 என்பதை 100 என்று மாற்றினாள். இனி நூறாவது வரி வரை எத்தனை கடன் சேர்ந்தாலும் கூட்டலில் வரும். வெறும் கட்டங்கள் இருந்தால் பரவாயில்லை. அவை கூட்டலைக் கெடுப்பதில்லை. மொத்தம் 24,000 ஆனது. பெட்டியில் இருக்க வேண்டியது 6,000 ஆனது. அவ்வளவும் இருந்தது.

இது படிக்காதவர்கள் செய்யும் தவறு என்று நினைக்க வேண்டாம். இரண்டு பெரிய பேராசிரியர்கள் இதையே செய்திருக்கிறார்கள். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்பவர்கள் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாடுகளின் கடன் பற்றிய கட்டுரை. கடன் மிக அதிகமானால் நாட்டின் வளர்ச்சி குறையும் என்றது அது. பல நாடுகளில் அரசியல் தலைவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அது கைகொடுத்தது. அரசுச் செலவு என்றால் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவமனை எல்லாம் அதில் அடங்கும்.

தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார். அவருக்கு அதே விடை வரவில்லை. பேராசிரியர்களிடமே கணக்குத் தாளைக் கேட்டு வாங்கினார். 20 நாடுகளின் பட்டியல் அதில் இருந்தது. கூட்டிச் சராசரி பார்த்த இடத்தில் 15 நாடுகள்தான் சேர்ந்திருந்தன. ஐந்து நாடுகள் கோட்டுக்கு வெளியே நின்றன. அவர் கண்ட பிழைகளில் இது ஒன்று. இது 2013-இல் உலகம் முழுவதும் செய்தியானது. இந்தப் பிழையைப் பேராசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள். மாணவர் செய்ததும் பாட்டி செய்ததும் ஒரே வேலைதான்.

2020-இல் இங்கிலாந்தில் இன்னொன்று நடந்தது. கொரோனா நோய் பரவிய காலம். நோயாளிகளின் விவரங்களைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அந்தப் பழைய வகைத் தாளில் 65,536 வரிகள்தான் உண்டு. அது நிறைந்த பிறகு வந்தவை ஏறவில்லை. கிட்டத்தட்ட 16,000 பேர் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. குழுக் கணக்குக்கு அத்தனை வரிகள் வேண்டியதில்லை. ஆனால் தாள் நிறைந்ததை யாரும் கவனிக்கவில்லையே!

குழுக் கணக்கில் வரும் தவறு வேறு மாதிரி. சிலர் தொகையை எழுதும்போது 'ரூபாய் 3000' என்று எழுதிவிடுவார்கள். நோட்டில் அது சரி. கணக்குத் தாளில் சரியில்லை. சொல் கலந்ததால் கணினி அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. கூட்டலில் சேர்க்காது. தவறு என்றும் சொல்லாது. கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வேறு மாற்றம் எதுவும் செய்யாத தாளில் ஒரு தொகை மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால், அதை உற்றுப் பார்க்க வேண்டும்.

குழு ஊறுகாய் செய்து விற்கிறது என்றால் பாட்டிலுக்குச் சீட்டு வேண்டும். அதற்கும் மென்பொருள் உண்டு. புகைப்படத்தைச் சரிசெய்ய கிம்ப். அமெரிக்காவில் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் 1995-இல் அதைத் தொடங்கினார்கள். கோடுகளால் வரைய இங்க்ஸ்கேப். அதில் வரைந்த மாங்காயைச் சீட்டு அளவுக்கும் அச்சிடலாம், பேனர் அளவுக்கும் அச்சிடலாம். கோடு மங்காது. கோலம் போடுகிறவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். ஒரு மூலையை வரைந்துவிட்டு, திருப்பித் திருப்பி ஒட்டினால் முழுக் கோலம் வந்துவிடும்.

லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை இப்படிப்பட்ட மென்பொருள்களில்தான் படிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் குழு கணினியை விடவில்லை. நோட்டையும் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்குத் தாளை அச்சிட்டு எடுத்து வருகிறார்கள். ஒருவர் பெயரையும் தொகையையும் உரக்கப் படிக்கிறார். அவரவர் தம் பாஸ்புத்தகத்தில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். மொத்தத்தை ஒருவர் கையால் கூட்டுகிறார். யார் கூட்டுவது என்பது மாதா மாதம் மாறும். பெட்டிச் சாவி இன்னும் அக்காவிடம்தான் இருக்கிறது.