முதலைக்கு மேலே ஒரு கூடு

மாணவர்களே, ஒரு பறவை கூடு கட்ட எப்படிப்பட்ட இடத்தைத் தேடும்? ஆபத்தான விலங்குகள் இல்லாத இடத்தைத்தானே என்பீர்கள். ஆனால், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1893இல் தொடங்கப்பட்ட செயின்ட் அகஸ்டின் முதலைப் பண்ணையில் நடப்பது வேறு. ஒவ்வொரு வசந்த காலத்திலும், அங்குள்ள முதலைக் குளத்தின் மேலே கிளை பரப்பி நிற்கும் மரங்களில் வெண்கொக்குகளும் நாரைகளும் இளஞ்சிவப்பு நிறக் கரண்டிவாயன்களும் கூடு கட்டுகின்றன. இவை கூண்டில் வளர்பவை அல்ல. தாமாகவே பறந்து வரும் காட்டுப் பறவைகள்.

மரப்பலகை நடைபாதையில் நின்றபடி, மிக அருகிலிருந்தே இவற்றைப் படமெடுக்கலாம். அதற்காகவே பலர் கேமராவுடன் வருகிறார்கள்.

காவலும் கூலியும்

முட்டைக்கும் குஞ்சுக்கும் பெரிய எதிரி ரக்கூன் என்ற விலங்கு. அது நீந்தும், மரமும் ஏறும். ஆனால், முதலைகள் கிடக்கும் நீரைக் கடந்து வந்தால் அதுவே இரையாகிவிடும். எனவே, கீழே கிடக்கும் முதலை மேலே உள்ள கூடுகளுக்குக் காவலாகிறது.

இந்தக் காவலுக்குக் கூலியும் உண்டு. உணவு போதாதபோது எல்லாக் குஞ்சுகளும் பிழைப்பதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகள் முதலைக்கு உணவாகின்றன. எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பறவைகள் கூடு கட்டும் இடங்களுக்கு அருகில் வாழும் முதலைகள் மற்ற முதலைகளைவிட நல்ல உடல்நிலையில் இருப்பது தெரியவந்தது.

வெள்ளைப் பறவையும் கேமராவும்

வெண்கொக்கைப் படமெடுப்பது எளிதன்று. கேமராவின் ஒளிமானி, எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவர முயலும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே கொக்கு சிறிதாகத் தெரிந்தால், கேமரா காட்சி முழுவதையும் வெளிச்சமாக்கும். அப்போது இறகுகளின் நுண்ணிய இழைகள் மறைந்து, வெறும் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஆகவே, ஒளி அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும். கொக்கே படம் முழுவதையும் நிறைத்தாலோ கேமரா அதை மங்கலாக்கிவிடும். அப்போது ஒளி அளவைக் கூட்ட வேண்டும்.

குச்சியுடன் பறந்து வரும் பறவையைத் தெளிவாகப் பிடிக்க, ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைந்த நேரமாக இருப்பது நல்லது.

இறகின் விலை

இனப்பெருக்கக் காலத்தில் பெரிய வெண்கொக்கின் முதுகில் மெல்லிய, நீண்ட அலங்கார இறகுகள் வளரும். படமெடுப்போர் தேடுவது இதைத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டைக்காரர்கள் தேடியதும் இதைத்தான். பெண்களின் தொப்பிகளை அலங்கரித்த இந்த இறகுகள், எடைக்கு எடை தங்கத்தைவிட அதிக விலைக்கு விற்றதும் உண்டு.

இறகு வளரும் காலமும் குஞ்சு வளரும் காலமும் ஒன்றே என்பதுதான் கொடுமை. தாய் தந்தையைச் சுட்டு வீழ்த்தியபோது, கூட்டிலிருந்த குஞ்சுகள் பசியால் மடிந்தன. பறவைகளைக் காத்த கய் பிராட்லி என்ற காவலர் 1905இல் புளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

அருகில் போகலாமா?

செயின்ட் அகஸ்டினில் பறவைகள் அஞ்சாததற்குக் காரணம், மனிதர்கள் நடைபாதையை விட்டு விலகாமல் இருப்பதே. இந்த நெருக்கத்தை வேறு இடங்களில் எதிர்பார்க்கக்கூடாது. நாம் கூட்டை நெருங்கினால் பெற்றோர் பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டைகள் வெயிலில் சூடேறலாம்; காகம் தூக்கிச் செல்லலாம். படம் தெளிவாகத் தெரியக் கிளையை ஒடித்தால், கூட்டின் நிழலையும் மறைவையும் பறித்தவர்களாவோம். பறவை நம்மையே உற்றுப் பார்த்தாலோ எழுந்து நின்றாலோ, பின்வாங்குங்கள். ஒரு நல்ல படத்தைவிட ஒரு குஞ்சின் உயிர் பெரியது.

செய்து பாருங்கள்

கறுப்புத் துணியின் நடுவே ஒரு சிறிய வெள்ளைக் காகிதத்தை வைத்துக் கைப்பேசியில் படமெடுங்கள். பிறகு காகிதம் மட்டும் படம் முழுவதும் நிறையும்படி எடுங்கள். இரண்டிலும் காகிதத்தின் வெண்மை ஒரே மாதிரி இருக்கிறதா? வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?