சைன்-கோர்டனில் அத்வைதம் இல்லை

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி ஓயாமல் சுற்றுகிறது: ஃபெர்மியானும் (பொருளின் துகள்) போசானும் (விசையின் துகள்) ஒன்றே என்று இயற்பியல் நிரூபித்துவிட்டதாம், ஆகவே பொருளும் விசையும் ஒன்றாம், அத்வைதம் ஜெயித்ததாம். அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். அதுதான் எரிச்சல்.

நிரூபணம் உண்மை. 1975-இல் இயற்பியலாளர் சிட்னி கோல்மன், போசான் புலத்தாலான சைன்-கோர்டன் மாதிரியும் ஃபெர்மியான்களாலான திர்ரிங் மாதிரியும் ஒரே கோட்பாடு என்று காட்டினார். முதலாவதில் புலத்தில் விழும் நிலையான முறுக்குக்கு சொலிட்டான் என்று பெயர். இரண்டாவதில் அதுவே ஃபெர்மியான். ஒன்றில் இடைவினை வலுத்து கணக்கு மிரட்டும் இடத்தில் மற்றொன்றில் அது மெலிந்துவிடும். ஆய்வாளருக்கு இதுதான் லாபம்.

ஆனால் இது நடப்பது இரண்டே பரிமாணத்தில், அதிலும் ஒன்று காலம். மிச்சம் ஒரு கோடு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் ரயில்களைப் போல, துகள்கள் ஒதுங்கிப் போக வழியில்லை. இடம் மாற ஒன்றுக்குள் ஒன்று புகுந்தே ஆகவேண்டும். இடம் மாறினால் அலைச்சார்பில் கழித்தல் குறி வருவதுதான் ஃபெர்மியானின் அடையாளம், போசானுக்கு அது வராது. கோட்டில் கிடைக்கும் அந்தக் குறி துகளின் பிறவிக்குணமா, மோதலின் விளைவா என்று பிரிக்கவே முடியாது. நாம் வாழும் வெளியில் ஒதுங்க இடம் இருக்கிறது. இங்கே எலக்ட்ரான் ஃபெர்மியான்தான், ஒளித்துகள் போசான்தான். ஐயா, இதில் வேதாந்தம் எங்கே வந்தது?

"எல்லாம் வெறும் காகிதக் கணக்கு" என்பாரும் உண்டு. ஆனால் இயற்பியலாளர்கள் டொமொனாகா 1950-லும் லட்டிஞ்சர் 1963-லும் எழுதியவை இதேபோல் ஒற்றைக் கோட்டில் ஓடும் எலக்ட்ரான்களைப் பற்றியவை; அவற்றையும் போசான் வடிவில் எழுதலாம். கார்பன் நானோகுழாய்களில் அந்தக் கணிப்புகள் சோதிக்கப்பட்டுவிட்டன.

"நம்மவருக்கு இதில் பங்கில்லை" என்பது இன்னும் மோசம். 1985-இல் பெங்களூரு டாடா இன்ஸ்டிட்யூட்டை (இந்திய அறிவியல் கழகம்) சேர்ந்த ஆர். ராஜாராமன், ரோமன் ஜாக்கீவுடன் சேர்ந்து, இடக்கை ஃபெர்மியான்கள் மட்டும் மின்புலத்தோடு இணையும் இருபரிமாண மாதிரியை எடுத்துக்கொண்டார். சமச்சீர் குலைந்ததால் உருப்படாது என்று எல்லாரும் ஒதுக்கிய மாதிரி அது. போசான் வடிவுக்கு மாற்றிப் பார்த்தால் முரண் இல்லாத கோட்பாடாக நிற்கிறது, நிறையுள்ள துகளும் கிடைக்கிறது என்று இருவரும் காட்டினார்கள்.

சொலிட்டான்கள் பற்றி ராஜாராமன் 1982-இல் எழுதிய நூல் நம் கல்லூரி நூலகங்கள் எத்தனையில் இருக்கும்? அதை வாங்கி வையுங்கள். எம்.எஸ்ஸி. மாணவர்கள் சைன்-கோர்டன் சொலிட்டானைப் பேனாவால் ஒருமுறை வருவித்துப் பார்க்கட்டும். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். கோச்சிங் சென்டரில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், தேர்விலும் வராது.