சர்வரில் ஃபைல் நகர மறுக்கிறதா?

கோரிமேட்டில் ஜிப்மரைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடை, லேப் போன்ற இடங்களில் ஒரு சர்வரில் இருக்கும் ஃபோல்டரைத்தான் எல்லாரும் திறப்பார்கள். அது ஆமை வேகத்தில் போனால் உடனே இன்டர்நெட் பிளானை மாற்றாதீர்கள். கடைக்குள்ளேயே ஓடும் ஃபைலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலை காப்பி செய்து பாருங்கள். நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவே இல்லையா? இணைப்பு அநேகமாக 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ஜிகாபிட் என்றால் 110 எம்பி வரை வரும். பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி: ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100க்கு நான்கு போதும். மீதி நான்கில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் வேகம் இறங்கிவிடும். ஆகவே முதலில் கேபிளை மாற்றுங்கள். அடுத்து பழைய ஸ்விட்சைப் பாருங்கள். சர்வரை வைஃபையில் விடவே வேண்டாம்.

பெரிய ஃபைல் வேகமாகவும் ஆயிரம் சின்ன ஃபைல்கள் மெதுவாகவும் போனால் அது இயல்பு. ஜிப் செய்து அனுப்புங்கள். சர்வருக்குள்ளேயே காப்பி செய்தாலும் இழுக்கிறதென்றால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்; வேறெதையும் தொடும் முன் பேக்கப் எடுங்கள்.